மூணாவது வரிசை, ரெண்டாவது தகடு

எல்லாரும் எப்பிடி இருக்கீங்க மக்கா? முட்டுவலி, சளி, இருமல் எல்லாம் தேவலையா? மார்ச் மாசம் ஆயிட்டுன்னு கம்பளிய மடிச்சுப் பொட்டில வச்சிராதீங்க. இங்க எங்க கடலோர ஊரு லோக்விட்ஸாவுல ஜன்னலத் தொடச்சா இன்னும் துணியில உப்பு ஒட்டுது. எனக்கு மூக்கு மட்டும் ஒழுகுது, மத்தபடி கொறை ஒண்ணும் இல்ல.

பக்கத்து வீட்டு வின்கா விசயம் ஒண்ணு சொல்லணும்னு ரெண்டு வாரமா நெனச்சிக்கிட்டே இருக்கேன். இன்னைக்குத்தான் கை ஒழிஞ்சிருக்கு. அடுப்புல கீரையும் உருளைக்கிழங்கும் வேகுது, அது வேகுறதுக்குள்ள சொல்லிப்புடுதேன்.

எங்க ஸ்கூல் கூரையில நாப்பது சோலார் தகடு இருக்கு. வின்காவோட சீஸ் கொட்டகைக் கூரையில பன்னெண்டு. அத்தனையும் ஊர்ப்பொது. வீட்டுக்கு ஒரு பங்கு போட்டு வாங்கினது. அந்தக் கரண்டுலதான் ஸ்கூல் ஓடுது, வின்கா கொட்டகை ஓடுது, யேரேயோட ரொட்டிக்கடை ஓடுது, மீன் வைக்கிற குளிர் ரூம் ஓடுது. தனியா யாருக்கும் சொந்தமில்ல, எல்லாருக்கும் சொந்தம்.

இந்த ‘எல்லாருக்கும் சொந்தம்’ங்கிற பேச்சக் கேட்டாலே எங்க ஆளுக கதவச் சாத்திக்கிடுவாவ. மீன் டப்பா ஃபாக்டரியும் எல்லாருக்கும் சொந்தம்னுதான் அந்தக் காலத்துல சொன்னாவ. நாங்களும் நம்பி, மத்தி மீனோட தலையத் திருகித் திருகிப் போட்டு விரல் எல்லாம் வெடிச்சு வேலை பாத்தோம். ஒருநா காலையில போனா கேட்டுல புதுப் பூட்டு தொங்குது. உள்ள யாரோ புது முதலாளியோட நாயி நின்னு எங்களப் பாத்துக் குலைக்கு. அன்னையிலருந்து ஊர்ல ஒருத்தன் பொதுன்னு வாயத் தொறந்தா, மத்தவன் அவன் கையத்தான் பாப்பான்.

அப்பேர்ப்பட்ட ஊர்ல வீடு வீடா ஏறி எறங்கி இந்தச் சங்கத்த உண்டாக்கினவ வின்கா. அம்பத்தஞ்சு வயசு. ஆட்டுப்பால்ல சீஸ் போடுதா. அவ போட்ட சீஸ அறுத்தா கத்தியில கண்ணீர் மாதிரி எண்ணெ கசியும், அப்பிடி இருக்கும். பால் குளிருற தொட்டிக்கும் சீஸ் பழுக்கிற ரூமுக்கும் கரண்டுக்குக் காசு குடுத்தே முழி பிதுங்கிப் போச்சு அவளுக்கு. கொட்டகைய மூடிட்டு எங்கயாச்சும் ஹோட்டல்ல விரிப்பு மாத்தப் போயிரலாமான்னு என் அடுப்படியில உக்காந்து அழுதிருக்கா. அப்புறந்தான் யாரோ சொல்லி, ஸ்கூல் டீச்சர் நெவாவையும் கூட்டிக்கிட்டு, இந்த வேலையில எறங்கினா.

அவ புருசன் பார்துல் ஆடு மேய்க்கிறவரு. நூத்திச்சொச்சம் ஆடு. பேச்சு கம்மி. ஒரு நாளைக்கு அவரு பேசுற பேச்ச ஒரு தேநீர் டம்ளர்ல ஊத்திறலாம்.

பங்கு போட்ட ஒவ்வொருத்தரும் வின்காகிட்ட கேட்டது ஒரே கேள்விதான். “எது என்னோடது?”

“உங்களோடதுன்னு தனியா ஒண்ணு கெடையாது அண்ணாச்சி. எல்லாம் சேந்து ஒண்ணு. கெணத்துல எந்தத் தண்ணி உங்க தண்ணின்னு கேப்பீங்களா?”ன்னு பொறுமையாத்தான் சொன்னா மொதல்ல.

காப்பிக்கடை காஷ்பாரு விடுவானா? “கெணத்துல என் வாளி எதுன்னு எனக்குத் தெரியும்மா. என் தகட்ட நீ கையக் காட்டு. இல்லன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

இருவது வீட்டுல இதே கேள்வி. இருவத்தியோராவது வீட்டுல வின்காவுக்குப் பொறுமை போயிட்டு. வாசல்ல நின்னு ஸ்கூல் கூரையப் பாத்து விரல நீட்டினா. “அந்தா, மொத வரிசை, நாலாவது. அது உங்களோடது. போதுமா?” அந்தாளு உடனே கையெழுத்துப் போட்டுட்டாரு. அது தெரிஞ்சதும் மத்தவனெல்லாம் வந்து நின்னான். எல்லாருக்கும் ஒண்ணு ஒண்ணு காட்டிவிட்டா. எனக்கும் காட்டினா, நாலாவது வரிசையில கடைசி. பொய்னு தெரிஞ்சும் எனக்கு ஒரு சந்தோசம்.

அதோட வெனையப் பாருங்க. வாடைக்காத்து அடிச்சு ஓஞ்சா தகட்டு மேல உப்பு வெள்ளையாப் படிஞ்சிரும், தண்ணி ஊத்திக் கழுவணும். மொத தடவ கழுவ ஆளு கூப்பிட்டாவ. மேல ஏறினவன் ஒவ்வொருத்தனும் அவனவன் தகட்ட மட்டும் கண்ணாடி மாதிரித் தொடச்சிட்டு எறங்கிட்டான். காஷ்பார் தன் தகட்டுக்கு வீட்டுல இருந்து வெந்நி கொண்டாந்தான். பக்கத்துத் தகடு மீன்காரன் ல்யூபோவோடது, அவன் கடலுக்குப் போயிருந்தான். “அவன் தகட்டுல நான் கை வச்சா நாளைக்குக் கீறல் விழுந்துட்டும்பான்”னு காஷ்பார் ஒதுங்கிக்கிட்டான். கடைசில நெவா டீச்சரும் வின்காவுமா ஏறி மிச்சத்தக் கழுவினாவ.

இப்ப வாடை கதைக்கு வாரேன். போன மாசம் ஒரு வியாழக்கெழம, எதிர்க்கரை மலை உச்சியில வெள்ள மேகம் தொப்பி போட்டு உக்காந்துட்டு. அது உக்காந்தா மறுநா காத்து வரும், அதுல சந்தேகமே கெடையாது. அன்னிக்கு ஸ்கூலும் லீவு, பிள்ளையளுக்குக் காய்ச்சல் பரவுதுன்னு. ஊரே வழக்கம்போல வேலையில எறங்கிட்டு. எங்க பக்கம் காத்துக்கு முன்னால ஆம்பிளையெல்லாம் கூரை ஏறி ஓட்டு மேல கல்லு வைப்பாவ. ஓரத்து ஓடு, முகட்டு ஓடு, எல்லாத்துக்கும் கல்லு. வைக்கலேன்னா மறுநா உங்க ஓடு பக்கத்து வீட்டுக்காரன் தலையில கெடக்கும்.

வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாளு அடிச்சுது. கதவத் தொறந்தா மூச்சு வாங்க முடியல. அலை நுரையெல்லாம் பறந்து வந்து தோட்டத்துல விழுந்து முட்டைக்கோசு கருகிப் போச்சு. திங்கக்கெழம காத்து நின்னு நெவா டீச்சர் ஸ்கூலத் தொறந்தா, ஹீட்டர் சூடே ஆவல. மேல பாத்தா ஸ்கூல் தகடு ஏழு ஒடைஞ்சிருக்கு. கண்ணாடி எல்லாம் செலந்தி வலை மாதிரி.

வின்கா கொட்டகைத் தகடு பன்னெண்டுல ஒண்ணுக்குக்கூட ஒரு கீறல் இல்ல.

அம்புட்டுத்தான். வேற என்ன வேணும் எங்க ஊருக்கு?

நான் ரொட்டி வாங்கப் போனேன். காப்பிக்கடைக்குள்ள காஷ்பார் குரல் தெருவரைக்கும் கேக்குது.

“ஒரே ஊரு, ஒரே காத்து. ஸ்கூல் தகடு மட்டும் எப்பிடிவே ஒடையும்?”

ரொட்டிக்கடை யேரே மாவுக் கையோட அங்க நிக்கான். “கொட்டகை கொஞ்சம் மறைவுல இருக்குல்லா.”

“மறைவா? அங்கன நின்னா தொப்பி பறக்கும். உனக்கு ஒண்ணும் தெரியல வே. நல்ல சரக்கெல்லாம் அவ கூரைக்கு, ஓட்டைச் சரக்கு பிள்ளைய கூரைக்கு. தகட்டுப் பெட்டி வந்து எறங்கினன்னிக்கி யாரு பிரிச்சது? அவதான பிரிச்சா?”

“நீயுந்தான கூட நின்ன?”

“நான் நின்னேன். பாக்க விட்டாளா? காப்பி கொண்டான்னு அனுப்பிட்டா!”

யேரே மண்டைய ஆட்டினான். அந்த மண்டைய ஆட்டினது இருக்கே, அது போதும். சாயந்தரத்துக்குள்ள ஊர் முழுக்க ஆடிட்டு.

ஸ்கூல்ல பிள்ளையெல்லாம் கோட்டோட, தொப்பியோட உக்காந்து எழுதுதுங்க. மொத்தம் பத்தொம்பது பிள்ளைய. தாய்மாரு வாசல்ல நின்னு வின்கா பால் வண்டியோட போறதப் பாத்துச் சத்தமா, “அவ பால் குளிரட்டும், நம்ம பிள்ளையும் குளிரட்டும்”ங்காளுவ. வின்கா திரும்பிப் பாக்கல. ஆனா காதுமடல் செவந்துட்டு, நான் பாத்தேன்.

காஷ்பார் சங்கத்துக்கு ஒரு காகிதம் எழுதிக் குடுத்துட்டான். அடுத்த வாரக் கடைசி ஞாயித்துக்கெழமக் கூட்டத்துல ஓட்டு எடுக்கணும். கொட்டகைக்குப் போற லைன அறுக்கணும். வின்காவச் சங்கத்துலருந்து நீக்கணும். லைன அறுத்தா அவ்வளவுதான். பால் சீசன் நடுவுல தொட்டி நின்னா பால் திரிஞ்சிரும், ரூம்ல உள்ள சீஸ் எல்லாம் வேர்த்துப் புழுத்துரும். அவ கொட்டகைய மூட வேண்டியதுதான்.

புதன்கெழம எதிர்க்கரையிலருந்து ரோக்கோ வந்தான். அவன்தான் தகடு மாட்டினவன். மேல ஏறி எறங்கி, கையத் தட்டிக்கிட்டு, “இது காத்து இல்ல”ன்னான்.

“காத்து இல்லாம?” வின்கா.

“திருகாணி ஒண்ணுகூட அசையல. இதவிட ரெண்டு மடங்கு காத்துக்கும் நிக்கும்னு நான் மாட்டும்போதே சொன்னேன், நீங்க எல்லாம் சிரிச்சீங்க. மேலருந்து என்னமோ இடிச்சிருக்கு. ஒரே எடத்துல திரும்பத் திரும்ப இடிச்சிருக்கு. ஒரு வரிசையில ஒண்ணு ஒடைஞ்சாலே மத்ததும் இளைச்சிரும், அதான் ஸ்கூலுக்குக் கரண்டு பாதிதான் வருது.”

“யாராச்சும் ஒடச்சிருப்பாவளா?”

ரோக்கோ தோளக் குலுக்கினான். “நான் மெக்கானிக். போலீஸ் இல்ல.”

ஒடச்சிருக்கான்னு ஆனதும் இப்ப வின்காவுக்கும் சந்தேகம் பத்திக்கிட்டு. என் அடுப்படிக்கு வந்தா. நான் ஒரு சின்னக் கிளாஸ்ல அத்திப்பழச் சாராயம் ஊத்திக் குடுத்தேன். குடிக்கல, கையிலயே வச்சிருந்தா.

“அக்கா, காஷ்பார்தான்.”

“ஏட்டி, சும்மா சொல்லாத.”

“அவன் தம்பி மேய்ச்சல் காட்டக் கம்பெனிக்காரனுக்குக் குத்தகைக்குக் குடுக்கப் பாக்கான்லா. காடு முழுக்கத் தகடா நிறுத்தப் போறாவளாம். ஊர்ச் சங்கம் ஒழுங்கா ஓடிச்சுன்னா அந்தக் கரண்ட எவன் வாங்குவான்? அதான் ஒடச்சிட்டு என் மேல போடுதான்.”

“பாத்தியா?”

“பாக்கல. பாப்பேன். என்னமாச்சும் கெடைக்கும் மேல.”

நானும் நம்பிட்டேன், மறைக்காம சொல்லுதேன். காஷ்பாரோட மூஞ்சி நம்புறதுக்குத் தோதான மூஞ்சி. மறுநாளே கடையில அவன் மீதிச் சில்லறை குடுக்கையில ரெண்டு தடவ எண்ணிப் பாத்தேன்.

கூட்டத்துக்கு ரெண்டு நாள் முன்ன, வெள்ளிக்கெழம மத்தியானம், ஸ்கூல் விட்டப்புறம் வின்கா ஏறினா. நான் கீழ ஏணியப் புடிச்சுக்கிட்டு நின்னேன். கூரை ஓரத்துல தண்ணி போற தகரத் தொட்டி இருக்குல்லா, அதுல கைய விட்டுத் துழாவினா. இலை, பறவ எறகு, கண்ணாடித் தூளு. அப்புறம் ஒரு கல்லு.

வாடை அடிச்சா எங்க ஊர்க் கூரையில கல்லு எங்கயும் கெடக்கும், ரோக்கோகூட அதக் கண்டுக்கல, அதுல அதிசயம் இல்ல. ஆனா இந்தக் கல்லத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு மேலயே உக்காந்துட்டா. நான் கூப்பிட்டேன். பதில் இல்ல. ரெண்டாந்தரம் கூப்பிட்டப்புறம் எறங்கி வந்து கல்ல என் கையில குடுத்தா. உள்ளங்கையகலம், தட்டையா நல்ல கல்லு. ஒரு பக்கம் நீலச் சாயம் தேச்ச மாதிரி.

பார்துல் தன் ஆட்டுக்கு முதுகுல அடையாளத்துக்கு நீலச் சாயம் பூசுவாரு. பட்டிச் செவத்துல ஆடு ஒரசி ஒரசி கல்லெல்லாம் நீலமா இருக்கும். ஊர்ல நீலம் அவரு ஒருத்தருதான். மத்தவிய செவப்பு.

“அக்கா, இது எங்க பட்டிக் கல்லு”ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

நேரா பட்டிக்குப் போனா, நானும் பின்னாலயே போனேன். கூப்பிடாம போனேன், ஒத்துக்கிடுதேன். பார்துல் பட்டி வாசல்ல முக்காலி போட்டு உக்காந்து கறந்துக்கிட்டிருக்காரு. ஆடு ஒவ்வொண்ணா அவரு முழங்காலுக்கு நடுவுல வந்து நின்னுட்டுப் போவுது. வின்கா கல்லக் கொண்டுபோய் அவரு காலடில வச்சா.

பாத்தாரு. கறக்கிறத நிறுத்தல.

“இது எப்பிடி ஸ்கூல் கூரைக்குப் போச்சு?”

“நான்தான் வச்சேன்.”

“எதுக்கு?”

“காத்து வந்துதுல்லா.”

வின்கா குனிஞ்சு அவரு மூஞ்சியப் பாத்தா. அப்புறம், “தகட்டு மேலயா? கண்ணாடி மேலயா கல்லு வச்சீங்க?”ன்னா.

“சாக்க நாலா மடிச்சு அடியில போட்டுத்தான் வச்சேன். கீறிறக் கூடாதேன்னு. சாக்கு பறந்துட்டு போல.” அடுத்த ஆட்ட இழுத்தாரு. “நாலு திருகாணிய நம்பி விட முடியுமா? எங்கப்பா விட்டிருப்பாரா?”

“ஏழையுமா நீங்க ஒடச்சீங்க?”

“ஏழா? எனக்கு எதுக்கு ஏழு? நான் நம்மளுக்கு மட்டுந்தான் வச்சேன். மூணாவது வரிசை, ரெண்டாவது.”

“நம்மளுக்குன்னு யாரு சொன்னா?”

அப்பத்தான் அவரு நிமுந்து பாத்தாரு. “நீதான சொன்ன. கூரையப் பாத்துக் கையக் காட்டினியே. எனக்கும்தான காட்டின.”

அவ பட்டிச் செவத்து ஓரமா உக்காந்துட்டா. ஆடு ஒண்ணு அவ கழுத்துத் துணிய மெல்லுது, அவளுக்கு அது உறைக்கல.

“பன்னெண்டு நாளு,”ன்னா மெதுவா. “பன்னெண்டு நாளு என்னையத் திருடின்னு சொன்னாவ. நீங்க எதுத்தாப்புல உக்காந்து சூப்புக் குடிச்சீங்க. ரொட்டியத் தொட்டுத் தொட்டுக் குடிச்சீங்க.”

“சொன்னா உனக்குத்தான் அசிங்கம். தலைவி புருசனே ஒடச்சான்னு ஆயிரும்.”

“இப்ப என்ன ஆச்சு?”

அவரு குனிஞ்சு கறக்க ஆரம்பிச்சாரு. அன்னைக்குப் பேச்சு டம்ளர் நெறைஞ்சுட்டு.

ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு எல்லாரும் ஸ்கூல்லயே கூடினாவ. பெரியவிய எல்லாம் பிள்ளைய பெஞ்சில முட்டு இடிக்க உக்காந்திருக்காவ. குளிரு, யாரும் கோட்டக் கழட்டல. காஷ்பார் எந்திச்சுக் காகிதத்தப் படிச்சான். லைன அறுக்கணும், வின்காவ நீக்கணும். படிச்சு முடிச்சிட்டு, பூசையில சாமியாரு பாக்குற மாதிரி ஒரு சுத்துச் சுத்திப் பாத்தான்.

வின்கா எந்திக்கிறதுக்கு முன்னால பார்துல் எந்திச்சிட்டாரு. தொப்பியக் கையில வச்சுத் திருகிக்கிட்டு, “நான்தான்”ன்னாரு. “கல்லு வச்சேன். மூணாவது வரிசை, ரெண்டாவது. அவளுக்குத் தெரியாது.”

எனக்கு மனசு லேசாச்சு. முடிஞ்சுதுடான்னு நெனச்சேன். எங்க ஊரப் பத்தி எனக்கே இன்னும் தெரியல பாருங்க.

“பொய்யி”ன்னான் காஷ்பார்.

“என்ன பொய்யி?”

“பொண்டாட்டியக் காப்பாத்தப் பொய் சொல்லுதீரு வே. ரெண்டு வாரம் சும்மா இருந்துட்டு, கூட்டத்தன்னிக்கு வந்து நானுங்கீரு. யாரு சொல்லச் சொன்னா?”

“யாரும் சொல்லல.”

“வின்கா எழுதிக் குடுத்தாளா? மனப்பாடமா?” பின்னாலருந்து ஒருத்தன் சிரிச்சான்.

பார்துலுக்குக் கழுத்து நரம்பு பொடைச்சிட்டு. “நான் பொய் சொல்லுவனாடா? என் கையால வச்சேன். சாக்க நாலா மடிச்சு, அது மேல கல்லு, மேடான பக்கம் கீழ…”

“சாக்கா?” மீன்காரன் ல்யூபோ மூணாவது பெஞ்சிலருந்து. “சாக்கு எப்பிடி வே நிக்கும் கண்ணாடி மேல? வழுக்கிட்டுப் போயிரும். ஆட்டுத்தோல் போடணும். ரோமம் கீழ்ப்பக்கமா போட்டா அப்பிடியே கவ்விக்…”

பாதில நிறுத்திட்டான். ஆனா வார்த்த வெளிய வந்துட்டு.

எல்லாரும் திரும்பிப் பாத்தாவ. நெவா டீச்சர் பெஞ்சு பெஞ்சா கேள்வி கேட்டுப் பழகினவ இல்லியா, “ஆட்டுத்தோல் கவ்வும்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும் ல்யூபோ?”ன்னு கேட்டா.

“சும்மா, ஒரு நெனப்புல சொன்னேன் டீச்சர்.”

“ஒங்களோடது எது?”

“ரெண்டாவது வரிசை, அஞ்சாவது”ன்னான். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி எந்திச்சு நின்னு சொன்னான்.

“அது ஒடைஞ்சிருக்கு”ன்னா டீச்சர்.

“தோல்ல கொறையில்ல டீச்சர். கல்லு சின்னதாப் போச்சு.”

யேரேக்குப் பொறுக்கல. “சின்னதாப் போச்சா? பெருசு வச்சாத்தான்டா ஒடையும். நான் ரெண்டு சின்னதா, ஓரத்துல சட்டத்து மேல வச்சேன், கண்ணாடியத் தொடவே இல்ல. என்னோடது நல்லாத்தான இருக்கு? வேணும்னா ஏறிப் பாரு!”

“நீயுமா?”

“எல்லாரும் வைக்கையில நான் மட்டும் வைக்காம இருக்கவா? நான் ஏறும்போதே மேல நாலஞ்சு கல்லு கெடந்துச்சே!”

அப்புறம் கூட்டம் கூட்டமா இல்ல மக்கா. ஒருத்தன் வலைய மடிச்சு வச்சேங்கான். ஒருத்தன் பழைய டயரு. ஒருத்தன் தன் கல்லு இன்னும் மேலயே அசையாம கெடக்குன்னு பெருமையடிக்கான். மத்தவன், “உன் கல்லு உருண்டு வந்துதான் என்னோடத ஒடச்சிருக்கும்டா”ங்கான். எந்தக் கல்லு நல்லது, எத்தன இருக்கணும், மேடு கீழயா பள்ளம் கீழயான்னு தாறுமாறாச் சத்தம். ஒடைஞ்சது ஏழு. கல்லு வச்சவன் எத்தன பேருன்னு நான் எண்ணிக்கிட்டே வந்தேன், பன்னெண்டுக்கு மேல விட்டுட்டேன்.

காஷ்பார் மட்டும் வாயத் தொறக்காம காகிதத்த மடிக்கிறான், விரிக்கிறான். பின்னால அவன் பொண்டாட்டி ஸ்தானா உக்காந்திருக்கா. தடிச்ச பொம்பள, குரலு கோயில் மணி. “ஏ மனுசா, நீரும் சொல்லிட்டு உக்காரும். ஏணியப் புடின்னு என்னைய நிறுத்தி வச்சீரே, எனக்கு இன்னும் தோள்பட்டை வலிக்கு.”

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாச்சு. காஷ்பார் செவந்து போயி, “சரி. நானும் வச்சேன். ஆனா கொட்டகைத் தகடு மட்டும் ஏன் ஒடையல? அதுக்குப் பதில் சொல்லுங்க!”ன்னான். சந்தேகத்த விடமாட்டான், அவனுக்கு அது சோறு மாதிரி.

அப்பத்தான் வின்கா எந்திச்சா.

“நான் சொல்லுதேன்”ன்னா. “அந்தப் பன்னெண்டையும் நான் யாருக்கும் காட்டிக் குடுக்கல. அதுல யாரும் என்னோடதுன்னு நெனைக்கல. அதனால ஒருத்தரும் கல்லு வைக்கல. அதான் முழுசா இருக்கு.” கொஞ்சம் நிறுத்தினா. “ஸ்கூல் கூரைய நான்தான் ஆளுக்கொண்ணாப் பிரிச்சுக் காட்டினேன். நீங்க கேட்டுக் கேட்டு உயிர எடுத்தீங்க, நான் உங்க வாய மூடுறதுக்காகக் கைய நீட்டிட்டேன். அது என் தப்பு. திருடல. ஆனா தப்பு.”

காஷ்பார் காகிதத்தப் பாக்கெட்டுல வச்சுக்கிட்டு, “சரி, விடு. காகிதத்த நான் எடுத்துக்கிடுதேன்”ன்னான்.

“எடுக்கக் கூடாது”ன்னா வின்கா. “ரெண்டு வாரமாப் பேசிட்டீங்க. ஓட்டு எடுங்க. லைன அறுக்கணும்கிறவங்க கையத் தூக்குங்க. என் முன்னால தூக்குங்க.”

ஒரு கையும் எழும்பல. ஒருத்தன் மூக்கச் சொறியக் கையத் தூக்கினான், பக்கத்துல இருந்தவன் புடிச்சு எறக்கினான்.

“அறுக்க வேண்டாங்கிறவங்க?”

எழும்பிச்சு. காஷ்பார் கையும் எழும்பிச்சு, காதுக்குப் பக்கத்துல வரைக்கும். டீச்சர் எண்ணி நோட்டுல எழுதினா. ஒடைஞ்ச ஏழுக்குப் பதில் புதுசு வாங்கிப் போடணும்னும், இனிமே கூரை ஏறணும்னா ரோக்கோவக் கேட்டுட்டு ஏறணும்னும் முடிவாச்சு. அன்னைக்கே எல்லாரும் போயி மேல கெடந்த கல்லையெல்லாம் எறக்கினாவ. அப்பவும் ஒருத்தன் கல்ல மத்தவன் தொட விடல, அதையும் சொல்லிறணும்.

நான் வின்கா வீட்டுக்குப் போனேன். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு ஒரு வாய் காப்பி குடிக்கலாம்னு. அவ வீட்டுல இல்ல, பட்டியில இருக்கா. ஆட்டுக்குக் கூட்டம் தெரியுமா, ஓட்டு தெரியுமா? மடி முட்டிப் போயி கத்துது. பார்துல் ஒரு வாசல்லயும் வின்கா மறு வாசல்லயுமா உக்காந்து கறக்காவ. வாளியில பால் விழுற சத்தந்தான்.

ரெண்டு ஆடு கறந்தப்புறம் பார்துல்தான் பேச்ச ஆரம்பிச்சாரு. “எல்லாரும் உனக்குத்தான் தூக்கினாவ.”

“எல்லாரும் இல்ல”ன்னா வின்கா, தலைய நிமுத்தாம. “நான் எண்ணிக்கிட்டுத்தான் நின்னேன். ஒருத்தர் தூக்கல.”

“யாரு? காஷ்பாரா?”

“காஷ்பார் தூக்கினான். நீங்கதான் தூக்கல.”

அவரு கை நின்னுட்டு. ஆடு திரும்பிப் பாத்துது.

“ஒடச்சவனாச்சே”ன்னாரு. “எனக்கு இனிமே எங்க ஓட்டு இருக்கப் போவுதுன்னு நெனச்சேன்.”

வின்கா வாளியக் கீழ வச்சா. அழப்போறான்னு நெனச்சேன், அழல. கோவத்துல மூஞ்சி செவந்துதான் இருந்துது, ஆனா அது காலைலருந்து இருந்த கோவம் இல்ல.

“கேட்டுக்கிடுங்க. அந்தக் கூரையில உங்களுக்குன்னு ஒரு தகடும் கெடையாது. ரெண்டாவதும் கெடையாது, மூணாவதும் கெடையாது. ஆனா ஒரு ஓட்டு உண்டு. ஒடச்சாலும் உண்டு. அதத் தூக்கிருக்கணும்.”

பார்துல் பால் பிசுபிசுப்போட இருந்த வலது கைய, முழங்கைய ஒடம்போட ஒட்டி வச்சுக்கிட்டே, மெதுவாத் தூக்கினாரு. அங்க எண்ண டீச்சரும் இல்ல, எழுத நோட்டும் இல்ல. ஆடுகளும் நானுந்தான் இருந்தோம்.

“சரி, எறக்குங்க. ஆடு நிக்குதுல்லா”ன்னா வின்கா.

நான் காப்பி குடிக்காமலேயே வீட்டுக்கு வந்துட்டேன்.

அய்யோ, கீரை அடிப்பிடிச்சுட்டு மக்கா, வாசம் வருது. உங்க பக்கமும் எல்லாரும் சேந்து வாங்கின ஸ்கூல் கூரையோ, மோட்டாரோ, பாலமோ இருக்குமில்லியா? அதுல இது என்னோடதுன்னு யாரு போயி என்ன பண்ணி வச்சாவ, அப்புறம் யாரு மேல பழி விழுந்துதுன்னு எனக்கு எழுதுங்க. நீங்களே பண்ணியிருந்தாலும் கூச்சப்படாம எழுதுங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஸ்தானாகிட்ட மட்டும் சொல்லுவேன்.